நாடு 6.5 சதவீதம் வளருமென்றால் கடன் வாங்கி இயந்திரம் வாங்கலாமா?

கோவைக்கு அருகே ஆண்டுக்கு 12 கோடி ரூபாய் அளவுக்கு வேலை செய்யும் ஒரு சிறு கட்டுமான நிறுவனத்தின் உரிமையாளர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்தியப் பொருளாதாரம் வரும் ஆண்டுகளிலும் 6.5 சதவீத அளவில் வளரும் என்று எல்லாரும் சொல்லும் இந்த நேரத்தில், ஏறத்தாழ 1 கோடி ரூபாயை ஐந்தாண்டுக் கடனாக வாங்கி, ஒரு பொக்லைனும் கான்கிரீட் கலக்கும் ஒரு சிறிய பேட்சிங் பிளான்டும் எடுத்துக்கொண்டு, இதுவரை கட்டிவந்த வீடுகளையும் ஆலைக் கொட்டகைகளையும் குறைத்துவிட்டு, பெரிய அரசு டெண்டர்களில் இறங்கலாமா என்பது அவருடைய கேள்வி. வளர்ச்சி விகிதத்தைப் பற்றிய கேள்விபோல இது தோன்றினாலும், அந்த எண் கடன் முடிவதற்குள் தம் வங்கிக் கணக்கில் பணமாக வந்து சேருமா என்பதைத்தான் அவர் உண்மையில் அறிய விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கட்டடப் பொறியியல் படித்து, ஒப்பந்த நிர்வாகத்திலும் செலவு மதிப்பீட்டிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பொருளாதார வல்லுநன் அல்லன். ஆகவே அந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு கணிப்பு ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது என்ன வடிவம் எடுக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: பொருளாதாரம் ஆடும்போது கட்டுமானம் அதைவிட அதிகமாக ஆடும். உங்கள் ஊரிலேயே உள்ள ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 கதிர்களோடு ஓடும் ஆலைக்கு அடுத்த ஆண்டு ஆர்டர் 10 சதவீதம் கூடும் என்ற நம்பிக்கை வந்தால், இன்னும் 1,000 கதிர்களுக்கு இடம் தேடிப் புதுக் கொட்டகை கட்டச் சொல்வார்கள். நம்பிக்கை 5 சதவீதமாகக் குறைந்தால் அந்தக் கொட்டகை பாதியாகிவிடும். ஆர்டர் கூடாது, குறையவும் குறையாது என்று தோன்றினால் ஆலை வழக்கம்போல ஓடும், தொழிலாளர்களுக்குச் சம்பளம் கிடைக்கும், ஆனால் கொட்டகை கட்டுபவருக்கு வேலையே இருக்காது. நாட்டின் வளர்ச்சி சற்றே மந்தமாகும்போது மற்றவர்களுக்கு அது லாபக் குறைவு. நமக்கோ அது வேலை இல்லாமை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பொது முடக்கக் காலாண்டில், முதலில் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியபோது, கட்டுமானத் துறை 50.3 சதவீதம் சுருங்கியது. அது அசாதாரணமான காலாண்டு என்பது உண்மைதான். ஆனால் இலங்கையில் 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கியபோது, அங்கே கட்டுமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. மீளும்போதும் நம் துறை அதே வேகத்தோடு மீளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; 2023-24இல் இந்தியக் கட்டுமானத் துறையின் வளர்ச்சி ஒட்டுமொத்தப் பொருளாதாரத்தின் வளர்ச்சியை மிஞ்சியது.

இரண்டாவதாக உறுதியாகத் தெரிந்தது, கணிப்புகள் இரு பக்கமும் தவறும் என்பது. 2022-23ஆம் நிதியாண்டில் இந்தியா 9 சதவீதம் வளரும் என்று பன்னாட்டு நாணய நிதியம் 2022 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு அக்டோபருக்குள் அந்த எண் 6.8 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த நிதியாண்டுக்கு 2023 ஏப்ரலில் 5.9 சதவீதம் என்றார்கள். ஆண்டு முடிந்தபின் வந்த அரசின் தற்காலிக மதிப்பீடே 8.2 சதவீதமாக இருந்தது, பிறகு அது இன்னும் மேலே திருத்தப்பட்டது. இதில் அவர்களைக் குறை கூறுவதற்கு எதுவுமில்லை. போர், எண்ணெய் விலை, மழை ஆகியவற்றை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. அவர்களும் சில மாதங்களுக்கொருமுறை தங்கள் எண்ணைத் திருத்திக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தும் வசதி ஐந்தாண்டுத் தவணையில் கையெழுத்திட்டவருக்கு இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதோடு, வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. மென்பொருள் ஏற்றுமதியால் வரும் 6.5 சதவீதமும், சாலைகளும் பாலங்களும் கட்டுவதால் வரும் 6.5 சதவீதமும் செய்தித்தாளில் ஒன்றுபோலவே இருக்கும். அண்மை ஆண்டுகளில் நம் துறைக்குக் கிடைத்த வேலையின் பெரும் பகுதிக்குக் காரணம், ஒன்றிய அரசின் மூலதனச் செலவு 2019-20இல் ஏறத்தாழ 3.36 லட்சம் கோடி ரூபாயாக இருந்து, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 11.21 லட்சம் கோடியாக உயர்த்தி ஒதுக்கப்பட்டதும், மாநிலங்களுக்கு ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் கொடுக்கப்பட்டதும்தான். இது வளர்ச்சியின் விளைவு என்பதைவிட, வளர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பதற்காக அரசு எடுத்த முடிவு என்பதே பொருந்தும். அரசு எடுத்த முடிவை அரசே மாற்றலாம், அல்லது சிறிது காலம் தள்ளிப்போடலாம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நடந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஒன்றிய அரசின் மூலதனச் செலவு முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அந்த ஆண்டுக்கான வளர்ச்சிக் கணிப்புகள் அப்போதும் உலகின் பெரிய நாடுகளுக்குள் முன்வரிசையில்தான் இருந்தன. அந்த மூன்று மாதங்களுக்குச் சம்பளமும் தவணையும் கொடுக்க வேண்டியிருந்த ஒப்பந்ததாரருக்கு அந்த முன்வரிசையால் ஒரு பயனும் இல்லை.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். கட்டுமான நிறுவனங்கள் மோசமான கணிப்புகளால் நொடிப்பதைவிட நல்ல கணிப்புகளால் நொடிப்பதே அதிகம். கணிப்பு மோசமாக இருக்கும் ஆண்டில் எவரும் அகலக்கால் வைப்பதில்லை. வங்கியும் கடன் கொடுப்பதில்லை. கணிப்பு நன்றாக இருக்கும் ஆண்டில்தான் எல்லாரும் ஒரே டெண்டருக்கு வருகிறார்கள், எல்லாரும் விலையைக் குறைத்துப் போடுகிறார்கள், வங்கியும் தாராளமாகக் கையெழுத்திடுகிறது. அந்த ஆண்டின் நம்பிக்கையை விலையாக எழுதிவிட்டு, அதற்கடுத்த மூன்று நான்கு ஆண்டுகளின் நிலைமையில் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு இந்தியாவிலேயே நன்கு பதிவான வரலாறு உண்டு. 2003-04க்குப் பிறகு ஐந்தாண்டுகள் பொருளாதாரம் 8, 9 சதவீத வேகத்தில் ஓடியபோது, பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம் உள்கட்டமைப்பில் 500 பில்லியன் டாலர் முதலீட்டை இலக்காக வைத்தது. அதில் கணிசமான பங்கு தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது திட்டம். நெடுஞ்சாலைகளில் கட்டி, நடத்தி, ஒப்படைக்கும் முறை பரவியது. ஒப்பந்ததாரரே கடன் வாங்கிச் சாலை போட்டு, சுங்கக் கட்டணத்தில் அதைத் திருப்ப வேண்டும். சுங்க வருவாயை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைப் பாருங்கள்: நாடு இத்தனை சதவீதம் வளர்ந்தால் லாரிப் போக்குவரத்து இத்தனை சதவீதம் கூடும் என்ற பெருக்கலில்தான் இருபது, இருபத்தைந்து ஆண்டு வருவாய் முழுவதும் நின்றது. வளர்ச்சி விகிதம் அந்த அட்டவணையின் முதல் கட்டத்தில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது. அதை 8 என்று போட்டவருக்குத் திட்டம் லாபமாகவும், 6 என்று போட்டவருக்கு நட்டமாகவும் தெரிந்திருக்கும். 6 என்று போட்டவருக்கு டெண்டர் கிடைத்திருக்காது. 2011 வாக்கில் போட்டி எவ்வளவு சூடாக இருந்ததென்றால், அரசிடம் மானியம் கேட்பதற்குப் பதிலாக நிறுவனங்களே அரசுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக எழுதிக்கொடுத்தன. கிஷன்கர் முதல் உதய்ப்பூர் வழியாக அகமதாபாத் வரையிலான 555 கிலோமீட்டர் சாலைக்கு ஜிஎம்ஆர் நிறுவனம் முதல் ஆண்டே 636 கோடி ரூபாய் தருவதாக ஏற்றது. 2013 தொடக்கத்தில், அனுமதிகள் கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணமாகச் சொல்லி அத்திட்டத்திலிருந்து விலகியது. அதற்குள் வளர்ச்சியும் குறைந்திருந்தது, வட்டியும் உயர்ந்திருந்தது, நிலம் கையகப்படுத்துவதும் தேங்கியிருந்தது.

பின்னால் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த லான்கோ இன்ஃப்ராடெக், ஐவிஆர்சிஎல் ஆகியவை நொடிப்புச் சட்ட நடவடிக்கைக்குப் போய்க் கலைப்பில் முடிந்தன; 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது உள்கட்டமைப்புக் கடன் சந்தையே உறைந்தது. பெரிய நிறுவனங்களின் பேரேடும் வங்கிகளின் பேரேடும் ஒருசேரச் சிதைந்து, 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. உங்களைப் போன்றவர்களுக்கு இதில் முக்கியமானது, அந்த நிறுவனங்களின்கீழ் துணை ஒப்பந்தம் எடுத்தவர்களின் நிலை. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தில், கடன் கொடுத்த வங்கிகள் குழுவாக அமர்ந்து வாக்களிக்கும்; பொருள் கொடுத்தவரும் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்தவரும் அந்த வாக்களிப்பில் இல்லை, கலைப்பில் பணம் பிரிக்கும் வரிசையிலும் கடைசிப் படிகளில்தான் நிற்கிறார்கள். பெரிய நிறுவனத்தின்கீழ் வேலை எடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் நம் தொழிலில் இன்னும் பரவலாக இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்துக்குப் பிறகு நெடுஞ்சாலை ஆணையம் பாடம் கற்றது. 2016இல் ஒப்புதல் பெற்ற கலப்பு ஆண்டுத்தொகை முறையில் திட்டச் செலவின் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தருகிறது, மீதத்தை 15 ஆண்டுகளில் தவணையாகத் தருகிறது, போக்குவரத்து கூடுமா குறையுமா என்ற கவலை ஒப்பந்ததாரரின் தலையில் இல்லை. ஆனால் குறைத்துப் போட்டு டெண்டர் எடுக்கும் பழக்கம் எந்த முறையிலும் போகவில்லை.

உங்கள் கணக்குக்கு வருவோம். 1 கோடி ரூபாயை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 2.17 லட்சம். ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை செய்ததுபோல வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றி, அந்த இரண்டரைப் புள்ளியும் உங்கள் கடனில் முழுமையாக ஏறினாலும் தவணை 2.30 லட்சமாகத்தான் கூடும். மாதம் 13,000 ரூபாய் உங்களை வீழ்த்தாது. இயந்திரக் கடன்கள் பலவும் நிலையான வட்டியில்தான் கிடைக்கின்றன என்பதால் அதுகூட நேராமல் போகலாம். வட்டி உங்களைத் தாக்கும் வழி வேறு. உங்களிடம் வீடு கட்டக் கொடுப்பவர் 40 லட்சம் ரூபாயை இருபதாண்டுக் கடனாக 6.75 சதவீதத்தில் வாங்கினால் மாதம் சுமார் 30,400 கட்டுவார், 9.25 சதவீதமானால் 36,600. அந்த 6,200 ரூபாய் வித்தியாசத்தில் மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்கிறார். வளர்ச்சி வேகமாகி, விலைவாசியும் அதோடு ஏறினால் மைய வங்கி வட்டியை உயர்த்தும் என்பதால், நல்ல கணிப்பே உங்கள் தனியார் வேலையைக் குறைக்கக்கூடும்.

உங்களை உண்மையில் வீழ்த்தக்கூடியது பில் தாமதம். இப்போது ஆண்டுக்கு 12 கோடி வேலை செய்கிறீர்கள் என்றால் மாதத்துக்கு 1 கோடி. பில் சமர்ப்பித்து மூன்று மாதம் கழித்துப் பணம் வருகிறதென்றால் எந்த நாளிலும் உங்கள் 3 கோடி வெளியே நிற்கிறது. அதற்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 லட்சம், அதாவது மொத்த வேலையில் 3 சதவீதம். 8 சதவீத லாபம் வைத்து டெண்டர் போட்டவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. வளர்ச்சியை நம்பி வேலையை 24 கோடியாக்கினால் வெளியே நிற்கும் பணம் 6 கோடியாகும். அந்தக் கூடுதல் 3 கோடியை யார் கொடுப்பது? இதற்கு மேல் முன்வைப்புத் தொகை, வங்கி உத்தரவாதத்துக்கு வங்கி கேட்கும் மார்ஜின் பணம், ஒவ்வொரு பில்லிலும் பிடித்துவைக்கும் தொகை எல்லாம் உண்டு. இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பத்திரத்தின் மேல்தான் நிற்கும். லாபக் கணக்கில் நன்றாக இருந்தும் சனிக்கிழமைக் கூலிக்குப் பணமில்லாமல் மூடிய நிறுவனங்களை நான் வளர்ச்சி ஆண்டுகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாடு முழுக்க ஒரே நேரத்தில் வேலை நடப்பதால் விலையும் ஏறும். பீகாரிலும் ஒடிசாவிலும் வேலை பெருகினால் அங்கிருந்து இங்கே வரும் தொழிலாளரின் கூலி உயர்வது இயல்பு. அது அவர்களுக்கு நியாயமானதும்கூட. கம்பி விலைக்கு உலகச் சந்தையும் அரசின் வரியும் காரணம்: 2022 மே மாதம் எஃகுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், நவம்பரில் நீக்கினார்கள், விலை இரண்டு முறையும் அசைந்தது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் காரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தேசிய வளர்ச்சி விகிதம் எவருக்கும் ஒரு லோடு ஜல்லி தரவில்லை. ஆகவே டெண்டர் ஆவணத்தில் விலை மாற்றப் பிரிவு இருக்கிறதா, அது எந்தப் பொருள்களுக்கு, எந்தக் குறியீட்டின்படி என்று படிக்காமல் விலை போடக் கூடாது. குறுகிய கால வேலைகளில் அந்தப் பிரிவு பெரும்பாலும் இருப்பதில்லை.

இலங்கையை மேலே குறிப்பிட்டேன். அந்த நாட்டிலிருந்து இன்னொன்றும் கற்கலாம். 2022 ஏப்ரலில் உலக வங்கி அந்த ஆண்டு இலங்கை 2.4 சதவீதம் வளரும் என்று கணித்திருந்தது. அதே ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அக்டோபரில் அதே வங்கி 9.2 சதவீதச் சுருக்கம் என்றது. அங்கே வேலைகள் நின்றதற்கு நேரடிக் காரணம் கடன் கொடுத்த நாடுகள் பணத்தை நிறுத்தியது. மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம-குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருந்தும், கொழும்போடு அதை இணைக்க வேண்டிய கடவத்தை-மீரிகம பகுதி சீனக் கடன் நின்றதால் பாதியில் கிடந்தது. ஜப்பானியக் கடனில் நடந்த கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கமும் நின்றது. இந்தியா அந்த நிலையில் இல்லை. நம் அரசுக் கடனின் பெரும் பகுதி உள்நாட்டு ரூபாயில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் இங்கும் தேவை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு தன் திட்டமாக ஏற்றது 2024 அக்டோபரில்தான். அதுவரை சுமை பெரும்பாலும் மாநிலத்தின் கடன் வரம்பின் மேல் இருந்தது. அதே மாநில நிதியைத்தான் ஊரகச் சாலை பில்லும் பள்ளிக் கட்டட பில்லும் எதிர்பார்த்திருக்கின்றன.

ஐயத்துக்கு இடமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரசு இவ்வளவு செலவழித்த பிறகு தனியார் ஆலை முதலீடு தானாகப் பெருகும் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் எதிர்பார்ப்பு. அது முழுமையாக நடந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்குச் சான்று எனக்குப் போதவில்லை, குறிப்பாகக் கோவைப் பகுதியின் நூற்பாலைகளைப் பார்க்கும்போது. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது, தவறினால் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த பணி ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே வழியில் செல்லவில்லை, எனவே அந்தச் சட்டத்தை நம்பி டெண்டர் விலை போட வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் வரவு செலவைப் பார்க்காமல் எவரும் முடிவான பதில் சொல்ல இயலாது என்பதும் உண்மை.

அந்த வரம்புக்குள் என் கருத்து இது. தனியார் வேலையை விட வேண்டாம். அதில் ஸ்லாப் போடும் கட்டத்துக்கு ஒரு பணம், பூச்சுக்கு ஒரு பணம் என்று கைக்கு வருவதுதான் அரசு பில் தாமதமாகும் மாதங்களில் கூலியைக் கொடுக்கும். அரசு வேலையில் உங்கள் இப்போதைய ஆண்டு வேலையின் நான்கில் ஒரு பங்குக்கு மிகாத, நிலம் முழுவதும் ஒப்படைக்கப்பட்ட, நிதி ஒதுக்கீட்டு ஆணை வெளியான ஒன்றை எடுத்து, முதல் மூன்று பில்கள் எத்தனை நாளில் வருகின்றன என்று பாருங்கள். அந்தத் துறையில் ஏற்கெனவே வேலை செய்தவர்களிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். பொக்லைனைப் பொறுத்தவரை, கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கட்டிய வாடகையை எடுத்துக் கூட்டுங்கள். அது தவணை, ஓட்டுநர் சம்பளம், டீசல் அல்லாத பராமரிப்பு மூன்றையும் தாண்டினால், நாடு 6.5 வளர்ந்தாலும் 5 வளர்ந்தாலும் வாங்கலாம். தாண்டவில்லையென்றால் எந்தக் கணிப்பும் அதை நியாயப்படுத்தாது. பேட்சிங் பிளான்ட் வேறு கதை. அது ஓர் இடத்தில் நின்று, தினமும் போதிய கான்கிரீட் போனால்தான் கட்டுபடியாகும். கோவையைச் சுற்றி ரெடிமிக்ஸ் தாராளமாகக் கிடைக்கும் நிலையில், அந்த முதல் அரசு வேலையின் இறுதி பில் கைக்கு வரும்வரை அதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.